‘பாரதம்’ என்று எழுதிய கேசட்

கடை முதலாளி சடையப்பன் அண்ணன் மைக் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு காவாந்தண்டலம் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் உத்திரமேரூர் கடையைத் திறந்தேன். அலமாரியில் அந்தக் கேசட் இல்லை. அட்டையில் என் கையெழுத்தில் ‘பாரதம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது பாரதம் இல்லை.

எனக்கு சிற்றலை ரேடியோ பைத்தியம். எந்த நாட்டு நிலையம் கிடைத்தாலும் கடிதம் போடுவேன். அப்படித்தான் இந்த வருஷம், எண்பத்து மூன்று, தை மாதத்தில் ஓர் அறிவிப்புக் கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்களே, அந்த நாட்களில் ஜெர்மனிப் பக்கம் இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைப் பேசி அனுப்பலாம், எந்த மொழியானாலும் சரி, காப்பகத்தில் வைப்போம் என்றார்கள். எழுதினேன். முகவரியோடு பதில் வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஓர் ஆள் தெரியும்.

காவாந்தண்டலத்துத் தாண்டவராயன் பெரியப்பா. சொந்தம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். அந்தப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பாலம் கட்டுகிற பிரிவில் இருந்தவர். பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மூன்று வருஷம் கைதி. ஒரு மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில், அண்ணன் இல்லாத ஒரு வியாழக்கிழமை, தானே கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார்.

“ஒரு தபாதான் சொல்லுவேன். அந்த ஊர்க்காரனுக்குத்தான் சொல்றேன், நம்ம ஊருக்கு இல்ல. சிட்டம்மா காதுக்குப் போச்சு, நான் செத்தேன்டா.”

சிட்டம்மாள் அவர் மனைவி. ஏன் அப்படிச் சொன்னார் என்று, அவர் பேசத் தொடங்கிய பன்னிரண்டாவது நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது.

போர் முடிகிற நேரத்தில் கைதிகளை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் ஒரு ரயில் நிலையம். சரக்குப் பெட்டிகளில் மனிதர்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். கம்பி வழியாகக் கைகள். ஒரு பெண் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி நீட்டி, வாயைக் காட்டினாள். பெரியப்பா சட்டைக்குள் பாதி ரொட்டி இருந்தது. மோதிரத்தை வாங்கிக்கொண்டார். ரொட்டியை எடுக்கக் கை போனது, ஆனால் எடுக்கவில்லை. பசி. வண்டி நகர்ந்துவிட்டது. ஊருக்கு வந்து கல்யாணம் பேசியபோது வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லை. அந்த மோதிரத்தை உருக்கித்தான் சிட்டம்மாவுக்குத் தாலி செய்தார்.

இதுதான் கேசட். கதையை மறுபடி சொல்ல மாட்டார், அந்த ரயில் நிலையத்தின் பெயரை மட்டும் யோசித்து இன்னொரு நாள் வந்து சொல்கிறேன் என்றிருந்தார். அதற்காக அனுப்பாமல் வைத்திருந்தேன். பெயர் எழுதாத கேசட் எங்கள் கடையில் ஒரு நாள் தாங்காது, சினிமாப் பாட்டு ஏறிவிடும். சாமி சமாச்சாரத்தை மட்டும் அண்ணன் அழிக்க மாட்டார். அதனால்தான் ‘பாரதம்’ என்று எழுதினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

அன்றைக்குக் காவாந்தண்டலத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. மத்தியானம் இரண்டு மணிக்குப் பாரதப் பிரசங்கம். அதற்கு முன்னால் கூட்டம் சேர, போன வருஷம் பதிவு செய்த பாரதத்தை ஹாரன் ஸ்பீக்கரில் போடுவது அண்ணன் வழக்கம்.

மணி ஒன்று பத்து.

கடையைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில்லை. ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றினேன். கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோழிக்கூடையோடு வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்.

“போலாம்ணே, ரைட் குடுணே!”

“இன்னாடா அவசரம், பொண்டாட்டிக்கு வலி எடுத்துக்கிச்சா?”

பஸ்ஸே சிரித்தது.

காவாந்தண்டலத்துக்குப் பிரிகிற சாலையில் இறங்கியதுமே குரல் கேட்டது. வயலுக்கு மேலே, பனை உயரத்தில், பெரியப்பாவின் குரல். “...கப்பல்ல ஏறினதும் எங்களுக்கு இன்னா தெரியும், எங்க போறோம்னே தெரியாது...”

கப்பல் நாலாவது நிமிஷம். அந்தக் கேசட்டை நான் ஐந்து முறை கேட்டிருக்கிறேன், எனக்கு மனப்பாடம். இன்னும் எட்டு நிமிஷம். ஓடினேன். செருப்பு வார் அறுந்தது, விட்டுவிட்டேன். பாலைவனம் வந்தது. இத்தாலியில் திராட்சைத் தோட்டத்தில் ஒளிந்த கதை வந்தது, அதற்குக் கூட்டம் சிரிக்கிற சத்தமும் வந்தது. வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்தேன். “...ஜெர்மனியில குளிரு இருக்குதே...” ஒன்பதாவது நிமிஷம்.

கோயில் பந்தலில் நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் சிட்டம்மாள், முகமெல்லாம் பூரிப்பு. பக்கத்தில் இருந்த பெண்ணின் தொடையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க வூட்டுக்காரரு குரலு. எப்டி கீது பாரு, மணி மாரி!”

“பீமன் மாரி துன்றாரேன்னு பாத்தா, அங்க பட்டினி கெடந்துட்டு வந்துதான் இங்க இந்த வெட்டு வெட்றாரு” என்றான் ஒருத்தன்.

அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். “வாடா வேதகிரி. பாரதம்னு எழுதி இன்னாடா வெச்சிருக்கே? ஆனா ஜனம் எய்ந்திருக்கவே மாட்டேங்குது!”

ஹாரன் சொன்னது: “...அந்த டேசன்ல ஒரு சரக்கு வண்டி. உள்ள ஜனங்க. யூதருங்கோன்னு அப்பால தெரிஞ்சிக்கினேன். ஒரு பொம்பள கைய நீட்டினா. கையில...”

பிளக்கைப் பிடுங்கினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“டேய், நம்மூரு மனுசன் பேசிக்கினு கீறாரு, இன்னாடா பேஜார் பண்றே?” என்று கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்.

“ஒயரு சூடாயிடுச்சுண்ணே” என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

“போடுப்பா” என்றாள் சிட்டம்மாள். “இத்தினி வருசத்துல எங்கிட்டயே இதெல்லாம் சொன்னதில்ல. அந்தப் பொம்பளைக்கு இன்னா ஆச்சு?”

“தெரியல பெரிம்மா.”

“நீதான டேப்புல புடிச்சே? உனுக்குத் தெரியாம எப்டி?”

அவள் பார்வை எனக்குப் பின்னால் போனது. பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கால் வரை சேறு. அங்கே கேட்டிருக்கும் அவருக்கு. என்னைத் திட்டுவார் என்று நின்றேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“யோவ், கையில இன்னா வெச்சிருந்தா அவ?” என்றாள் சிட்டம்மாள், கூட்டத்தின் நடுவே, சிரித்தபடி.

ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். மறந்துபோச்சு என்று சொல்லியிருந்தால் நூறு பேரும் நம்பியிருப்பார்கள். என் கையில் பிளக் இருந்தது. நான் அவர் வாயையே பார்த்தேன்.

“வூட்டுக்கு வா சிட்டம்மா” என்றார். “சொல்றேன்.”

அவள் சிரிப்பு நின்றது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். பிரசங்கக்காரர் வந்துவிட்டார், அண்ணன் மைக்கைச் சொருகினார். பந்தல் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வீடு வரைக்கும்கூட அவர்கள் போகவில்லை. களத்துமேட்டில் நின்றுவிட்டார்கள். அவர் பேசினார். அவள் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு அவள் மட்டும் நடந்தாள். அவர் களத்திலேயே உட்கார்ந்தார்.

நாலு நாள் நான் ரேடியோவைத் தொடவில்லை. அந்த ஊரிலிருந்து யார் கடைக்கு வந்தாலும் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். எதுவும் கேட்கத் தைரியம் இல்லை.

ஐந்தாம் நாள் சிட்டம்மாளே வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு மட்டும் கட்டியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாலிப் பொட்டை மேஜைமேல் வைத்தாள்.

“அந்தக் கேசட்டோட இத்தயும் அனுப்பு.”

“யாருக்கு பெரிம்மா? அந்தம்மா பேரே தெரியாதே. ஊரும் தெரியாது.”

“அந்த ரேடியோக்காரங்கள கேட்டு எழுது.”

“எழுதறேன். ஆனா தபால்ல தங்கம் அனுப்பினா போய்ச் சேருமோ சேராதோ...”

அவள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷம் கழுத்தில் கிடந்து ஓரம் தேய்ந்திருந்தது.

“பெரிப்பா எப்டி கீறாரு?”

“சோறு போட்றேன். துன்றாரு. பேச்சு இல்ல.” அலமாரியைப் பார்த்து, “அதுல இன்னும் எடம் கீதா?” என்றாள்.

“எதுல?”

“கேசட்டுல.”

இருந்தது. அதன் மறுபக்கம் முழுக்கக் காலி. அவளே எழுந்துபோய் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தெருவில் போகிற சத்தமெல்லாம் உள்ளே வந்தது.

“அவுங்களுக்குத் தமிழு தெரியுமா?”

“யாராச்சும் மாத்திச் சொல்லுவாங்க.”

“அப்ப மெதுவா சொல்லணும்.”

பொத்தானை அழுத்தினேன். கேசட் சுற்றுகிறதா என்று மூன்று முறை குனிந்து பார்த்தேன். அவள் மைக்குக்கு மிகப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

“எம் பேரு சிட்டம்மா. காவாந்தண்டலம். உன் மோதரம் எங்கிட்ட கீது. மோதரமா இல்ல, உருக்கிட்டாங்கோ. நான் கட்டிக்கினு இருந்தேன், எனுக்குத் தெரியாது. நீ உசுரோட கீறியா இல்லியான்னும் தெரியல. உன் புள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, யாரு வந்து கேட்டாலும் தந்துட்றேன். வர்றவங்க சாப்ட்டுட்டுத்தான் போவணும்.”

நிறுத்திவிட்டாள். நாடா ஓடிக்கொண்டிருந்தது. அவள் பொட்டை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்தாள்.