மேலே இருக்கும் குச்சி

பெற்ற மகள் தப்பான பதில் சொல்ல வேண்டும் என்று எந்த அப்பாவாவது சாமி கும்பிடுவாரா? இவர் கும்பிட்டார். அதுவும் சாமியே கிடையாது என்று ஊரெல்லாம் வாதாடுகிற மனிதர்.

கண் எப்படி ஏமாறுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. அன்றைக்குத்தான் முட்டையிலிருந்து வந்த கோழிக்குஞ்சுகூட, இல்லாத ஒரு கோடு இருப்பதாக நம்பிக் கொத்தும் என்று அவர் சமன்பாடு சொன்னது. குஞ்சுகளும் அப்படியே கொத்தின. கூட வேலை செய்பவர்கள் 'கோழிக்கணக்கர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "ஏமாறத் தெரியாத கண்ணுக்குப் பார்க்கவும் தெரியாதுய்யா," என்பார் அவர்.

மகளுக்கு ஏழு வயது. பிறவியிலேயே கண்புரை. அறுவை சிகிச்சை முடிந்து அன்று காலைதான் கட்டைப் பிரித்தார்கள். "வெளிச்சம் உள்ள போகுது சார். அதை மூளை புரிஞ்சுக்குமான்னு இப்ப சொல்ல முடியாது," என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஓர் அட்டையைக் கட்டிலில் வைத்தார். மேலே போகப் போக நெருங்கும் இரண்டு கோடுகள், தண்டவாளம் மாதிரி, மையால் வரைந்தவை. நடுவில் மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி. இரண்டும் ஒரே நீளம். மனைவிதான் அளந்து வெட்டி ஒட்டியிருந்தாள். கோடுகள் நெருங்குவதைத் தூரம் என்று மூளை எடுத்துக்கொண்டால், மேல் குச்சி பெரிதாகத் தெரியும். எடுத்துக்கொள்ளாவிட்டால் பதில் சரியாக வரும். அந்தச் சரியான பதிலுக்குத்தான் அவர் பயந்தார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். "ரெண்டும் ஒண்ணுதான்ப்பா."

"இப்ப கண்ணைத் திறந்து பாரும்மா."

திறந்தாள். கண் கூசியது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள், பின்னால் இழுத்தாள். அவர் மனசுக்குள் சாமியைக் கும்பிட்டார்.

"மேல இருக்கறது பெருசு." மறுபடி தடவினாள். "இல்ல, ஒண்ணுதான்... ஐயோ, பார்த்தா பெருசாயிடுதுப்பா!"

கோழிக்கணக்கருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தூரம் என்றால் என்னவென்று அந்தக் கண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இவர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய சமன்பாட்டை அவள் கண் திறந்த காலையிலேயே போட்டுவிட்டாள். குஞ்சுக்குள்ளும் பிள்ளைக்குள்ளும் அதை முதலில் எழுதியது யார்? கேவிக் கேவி அழுதார்.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புள்ள தப்பா சொல்றா, நீங்க வேற அழுது அவளைப் பயமுறுத்துறீங்க!"

"சந்தோஷத்துல அழறேன். தப்பாத்தான் சொல்லணும். நீயே பாரு."

அவள் தன் கையால் வெட்டிய குச்சிகளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, மகளின் கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் மேல இருக்கறதுதான்டி பெருசா தெரியுது," என்றாள்.