கேசட்டில் இல்லாத வரி

டைப்ரைட்டரில் தாளைச் சுற்றிக்கொண்டே செழியன் மறுபடியும் சொன்னான்.

"போன் வந்தா ஒடனே சொல்லிடுங்கக்கா. அவரு உசுரோட இருக்கும்போதே நான் போய்ப் பாக்கணும்."

எதிரில் இருந்த நந்தினி தலையசைத்தாள். விடியலில் அவன் அப்பா இராமலிங்கத்தை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர். மத்தியானத்துக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய மனு இருக்கிறது என்றதும் அவர்தான் விரட்டினார். "போடா. உன் எடத்துல வக்கீலு வேற ஆள வச்சிடப் போறாரு."

செழியனுக்குப் பள்ளிக்கூட வயதில் காய்ச்சலில் காது போனது. வக்கீல் சக்கரவர்த்தி கேசட்டில் பேசி வைத்துவிட்டுப் போவார். நந்தினி அதை ஹெட்போனில் கேட்டு, சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்வாள். அவள் உதட்டைப் பார்த்தபடியே செழியன் அடிப்பான். தாளைப் பார்ப்பதில்லை. அவள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமென்று வக்கீலே மேசையைத் திருப்பிப் போட்டார். தான் பேசினால் மட்டும் இவனுக்குப் புரியவில்லையே என்று ஒருநாள் அவர் குறைப்பட்டுக்கொண்டார். "உங்க மீசை ஜாஸ்தி சார், வாயே தெரியல" என்றாள் நந்தினி. மறுநாள் மீசை பாதியாகியிருந்தது.

அன்றைய மனு ஒரு வேலித் தகராறு. வாக்கியத்தின் நடுவில் நந்தினி கேசட்டை நிறுத்திவிட்டு, போன் இருந்த உள்ளறைக்குப் போனாள். செழியன் கதவையே பார்த்திருந்தான். அவள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. வேறு யாரோ கட்சிக்காரராக இருக்கும். கைகளை எழுத்துகளின்மேல் வைத்தான்.

அவள் உதடு அசைந்தது. அடித்தான். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தான்.

உதடு அசையவில்லை. நந்தினி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்தான்.

'மேற்படி வேலியைப் பிரதிவாதி பிரித்துப் போட்டபடியால் உங்கப்பா போயிட்டாரு.'

பிழையை அடித்து மறைக்கும் பழக்கத்தில் அவன் கை உருளையைப் பின்னால் நகர்த்தியது. நந்தினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். இனி அவசரமில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வார்டில் அம்மா காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ சொன்னாள். தோள் குலுங்கியது. ஒரு சொல்லும் அவனுக்குத் தெரியவில்லை. கூடவே வந்திருந்த நந்தினி அவளருகில் குனிந்து கேட்டாள். பிறகு வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"கடைசியா ஒன்னப் பத்திதான்…" என்று உதடு தொடங்கியது.

செழியன் அதற்குமேல் பார்க்கவில்லை. ஈசிஜி எடுப்பதற்காகத் திறந்துவிட்டிருந்த அப்பாவின் சட்டைக்கு, கீழிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டிருந்தான்.