மெர்வின் வேண்டாமென்ற பம்பு

உலகத்தில் மெர்வினுக்கு ஆகாத சத்தம் ஒன்று உண்டென்றால் அது காற்றை உறிஞ்சிப் பால் கறக்கும் பால்கொட்டகைப் பம்பின் உறுமல்தான். நாற்பத்தாறு வருஷம், விடிகாலையில் ஒரு தடவை, மாலை மூன்று மணிக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் அன்றைக்கும், ஏன், கல்யாணத்தன்றைக்கும்கூட அதைக் கேட்டவர் அவர். இரண்டு வருஷம் முன்பு மாடுகளைப் பக்கத்துப் பண்ணையை நடத்தும் தன் தம்பி கிளைவுக்கு விற்றார். மேய்ச்சல் நிலத்தையும் அவனுக்கே குத்தகைக்கு விட்டார். கடைசியாகப் பம்பை அணைத்தபோது மனுஷன் அழுதேவிட்டார், சந்தோஷத்தில்தான். இனி செத்தாலும் அதைப் போடுவதில்லை என்று மனைவி நோலீனிடம் சொன்னார்.

காலிக் கொட்டகையின் மூலையில் மரம் கடையும் லேத்தைப் போட்டு பிளாக்வுட் மரக் கிண்ணங்கள் கடைய ஆரம்பித்தார். ஹோபார்ட் நகரில் ஓர் உணவகம் முப்பது கேட்டது, மூன்று வாரத்தில். வாழ்க்கையில் முதல்முறையாக மாட்டோடு சம்பந்தமில்லாத வேலை! தொல்லை கிண்ணத்தின் அடியில் இருந்தது. கடைந்து முடித்தபின் கவிழ்த்துப் பிடித்தால்தான் அடியைச் செதுக்க முடியும். அதற்காகக் காற்றை உறிஞ்சிக் கிண்ணத்தைக் கவ்விக்கொள்ளும் சக் ஒன்றை வாங்கினார். சக் வந்துவிட்டது. உறிஞ்சுவதற்கு எங்கே போவது?

முதலில் நோலீனின் வாக்யூம் கிளீனர். உள்ளே ஓடும் காற்றுதான் அதன் மோட்டாரைக் குளிர வைக்கும். கிண்ணம் அந்த வழியை அடைத்துக்கொள்ள, பத்தே நிமிஷத்தில் புகை கிளம்பியது.

"ரொம்ப நல்லது. இனிமே வீட்டை நீயே பெருக்கு," என்றாள் நோலீன்.

அடுத்து கிளைவின் கம்ப்ரசர். அதன் காற்றை ஒரு சின்ன முனை வழியாகப் பீய்ச்சி உறிஞ்ச வைத்தார். அது ஓயாமல் ஓடி மூச்சு வாங்கியது. நடுவில் பலம் குறைய, கிண்ணம் பறந்துபோய்ச் சுவரில் மோதிப் பிளந்தது. புதுப் பம்பு கடல் தாண்டி வர ஆறு வாரமாம்.

"உனக்கென்ன பைத்தியமா அண்ணே?" கிளைவ் சத்தம் போட்டான். "நாள் பூரா ஓடுற கறவைப் பம்பு இருக்கு. எவ்வளவு உறிஞ்சணும்னு திருகி வச்சுக்கலாம். லேத்துலேர்ந்து நாலடி தள்ளி நிக்குது!"

"சத்தம்தானே மெர்வ்? காதுல பஞ்சை வச்சுக்கோ," என்றாள் நோலீன்.

சத்தம்தானாம்! அவர்கள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் மெர்வினுக்கு மூச்சை முட்டியது. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட்டை மாற்றி, குழாயை இணைத்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பம்பைப் போட்டார். இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது பாழாய்ப்போன பம்பு. கிண்ணம் இம்மியும் அசையவில்லை. நாலு கிண்ணங்களின் அடி கண்ணாடியாய் வந்தது. ஐந்தாவதை எடுக்கத் திரும்பினார்.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மாடு நின்றது. அதன் பின்னால் இன்னும் நூற்றிருபது. பம்பு ஓடினால் கறவை நேரம் என்று அவற்றைப் பழக்கியவரே அவர்தான், அதைப் போய் மறந்திருக்கிறார்! மேய்ச்சல் நிலத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டன. அவசரமாக அணைத்தார். ஒன்றுகூட நகரவில்லை. முன்னால் நின்றவற்றின் காம்புகளிலிருந்து பால் சொட்டியது.

கிளைவ் வண்டியில் சிரித்துக்கொண்டே வந்தான். சொட்டும் பாலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இப்ப என் கொட்டகைக்கு ஓட்டினா வழியெல்லாம் பால் கொட்டும், மடியும் கெட்டுடும். உன்கிட்ட காம்புல மாட்டுற கறவைக் கப்பெல்லாம் இருக்குல்ல? பாலைக் கன்னுக்குட்டிக்கு விட்டுடலாம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணே."

"நாளைக்கும் கிண்ணம் இருக்கேடா. நாளைக்கும் இதுங்க வருமே."

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மெர்வினை இந்தக் கொட்டகைக்குள் கூப்பிட்டபோது அப்பாவும் இதையேதான் சொன்னார், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று.

லேத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். போய்ப் பம்பைப் போட்டார்.