ஊதா எலியும் நாற்பது நாளும்

தையல் மேசையில் ஊதாத் துணி விரிந்துவிட்டால் அந்த வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வந்துவிட்டது என்று பொருள். அக்கா தேவாலயத்துக்குப் பாதிரியாரின் பூசை உடைகள் தைப்பவள். அவளுக்கு ஆண்டு என்பது நான்கு நிறம்: கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கவும் நோன்புக்கும் ஊதா, பெருவிழாவுக்கு வெள்ளை, மறைசாட்சிகளின் இரத்தத்துக்கும் தூய ஆவியின் நெருப்புக்கும் சிவப்பு, மற்ற நாளெல்லாம் பச்சை. எந்த மாதம் என்று கேட்டால் யோசிப்பாள். எந்த நிறம் என்று கேட்டால் உடனே சொல்வாள்.

அதே மேசையின் மறுமுனையில் தம்பி கார்ட்டூன் படம் ஒன்றுக்கு வரைவான். பூசை உடைகள் வைக்கும் அலமாரியில் பிறந்த ஒரு எலிதான் கதாநாயகன். தவக்காலத்தில் பிறந்ததால் உலகமே ஊதா என்று நினைத்துக்கொண்டிருக்கும் எலி. ஒரு நாள் கதவு திறக்கிறது, எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, எலிக்குத் தலை சுற்றிவிடுகிறது. நிறத்துக்கு ஒரு பகுதியாக நான்கு பகுதிகள்.

எலிக்குக் குரல் கொடுப்பவள் அக்கா. அக்காவுக்குப் பேச்சு திக்கும். காய்கறிக் கடையில் விலை கேட்கவே மூச்சு முட்டும். ஆனால் எலியாகப் பேசினால் ஒரு சொல்லும் திக்காது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, அக்காவுக்கே தெரியாது.

படத்தை முடிக்கப் பணமில்லை. எந்த நிறுவனமும் எலியைச் சீண்டவில்லை. அதனால் பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளம் ஒன்றில் தம்பி கேட்டான். குறித்த நாளுக்குள் முழுத்தொகை சேராவிட்டால் எல்லாப் பணமும் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும் என்பது அங்கே விதி. தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று தொடங்கி நாற்பது நாள் கெடு வைத்தான். ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் முடியும், மக்கள் மனமும் இளகியிருக்கும் என்பது அவன் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: இன்னும் ஆறே நாள். சேர்ந்திருந்ததோ மூன்றில் ஒரு பங்கு.

"இவனுங்களுக்கு எண்ணத் தெரியலக்கா! உயிர்ப்புக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே?"

அக்கா ஊசியைக் குத்திவைத்துவிட்டுச் சிரித்தாள். "ஞா... ஞாயித்துக்கிழமை நோன்பு இல்லடா. அந்த நாப்பதுல ஞாயிறு சேராது. நீ சேத்து எண்ணிட்டே. உன் கெடு உயிர்ப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே, கு... குருத்து ஞாயிறோட முடியுது."

எலியின் காலண்டரையே படமாக எடுப்பவனுக்குத் தவக்காலத்தை எண்ணத் தெரியவில்லை! வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் பழைய காணொளிப் பதிவு ஒன்று நினைவுக்கு வந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல அக்கா எலியாக அல்லாமல் தானாகவே பேச முயன்ற பதிவு. 'நன்றி' என்ற ஒரு சொல்லில் அரை நிமிடம் சிக்கி, முகம் சிவந்து, கண் கலங்கி, "அழிச்சிடு" என்று சொல்லியிருந்தாள். சரி என்று தலையாட்டியவன் அழிக்கவில்லை. இப்போது அதற்கு ஒரு சோக வயலினைச் சேர்த்து, 'என் அக்காவின் கனவுக்கு உதவுங்கள்' என்று தலைப்பிட்டு ஏற்றிவிட்டான். உண்மையில் அது அவனுடைய கனவு.

பணம் கொட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் முழுத்தொகையும் சேர்ந்தது. கூடவே ஆயிரக்கணக்கான பின்னூட்டங்கள். பாவம் என்றவர்கள் பாதி, நாக்குக்கு வைத்தியம் சொன்னவர்கள் மீதி. எலியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிக்கு அது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்லதுதானே நடந்திருக்கிறது என்று தேற்றிக்கொண்டான். அக்காவிடம் தொகை சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். அவள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

குருத்து ஞாயிறன்று காலை, தைத்து முடித்த சிவப்பு உடையை எடுத்துக்கொண்டு அக்கா ஆலயத்துக்குப் போனாள். வாசலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவள் கையில் பணத்தைத் திணித்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்க, "கவலப்படாதம்மா, சரியாயிடும்" என்றார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருத்தி தன் செல்பேசியை நீட்டிக் காட்டியபோதுதான் புரிந்தது. உடையைக் கொடுத்துவிட்டுப் பூசைக்கு நிற்காமல் வீடு திரும்பினாள்.

"நா... நான் அழிக்கச் சொன்னேனே."

"அக்கா, தொகை சேந்துடுச்சு! உன்னைப் பாத்து எவ்ளோ பேர் உருகிட்டாங்க தெரியுமா? யாருக்கு என்ன நஷ்டம் இதுல?"

"எ... எலிக்குக் குடுத்தாங்களா? எனக்குக் குடுத்தாங்களா?"

ஐந்து நாளாகத் தம்பியைக் குடைந்த கேள்வி அதுதான். அக்கா அவனைத் திட்டவில்லை. கையில் கசங்கியிருந்த அந்தப் பணத்தை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். திக்காமல் பேசும் ஒரே இடம் அந்த எலி. இனி அதைக் கேட்பவர்கள் எலியைக் கேட்க மாட்டார்கள், அவள் எப்போது திக்குவாள் என்றுதான் காத்திருப்பார்கள். இது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கெடு மாலை ஆறு மணிக்கு. மூன்று மணிக்கே அவன் அந்தப் பதிவை நீக்கினான். 'அக்காவின் அனுமதி இல்லாமல் அதைப் போட்டேன். கனவும் என்னுடையது, தவறும் என்னுடையது. எலியைப் பார்க்க விரும்புகிறவர்கள் இருங்கள். இரக்கப்பட்டுக் கொடுத்தவர்கள் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினான். சிலர் பாராட்டினார்கள். பலர் மோசடி என்று ஏசினார்கள். சேர்ந்த தொகை கண்ணெதிரே இறங்கியது. ஆறு மணிக்கு அது பாதியில் நின்றது. விதிப்படி எல்லாம் திரும்பிப்போனது.

"போச்சுக்கா. ஒரு வருஷ உழைப்பு. நான் செஞ்சது சரியா தப்பான்னுகூட இப்பத் தெரியல."

அக்கா அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடி கேளு. எலியக் காட்டிக் கேளு, நானும் கூட நிக்கிறேன். உ... உதவி கேக்குறதுல வெக்கமே இல்லடா. ஆனா ஒருத்தரோட குறைய அவங்களக் கேக்காம கடைவிரிச்சு வாங்குறது உதவி இல்ல, தி... திருட்டு. உனக்கு வேணும்னா உன் கைய நீட்டு. எ... என் வாயைக் காட்டாத."