துணியில் சுற்றிய சோப்பு

திருந்தி மாதக்கணக்கில் சொட்டு குடிக்காதவனைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் குடிகாரன் என்று சொன்னால் கோபம் வருமா வராதா? எனக்குத் தலைக்கு மேல் வந்தது. கம்பத்திலிருந்து ஏற்றிவந்த பெண்களை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, வண்டன்மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அன்னமேரி மேடம் போன் செய்து அந்தச் சேதியைச் சொன்னார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பை எடுத்தேன்.

என் பெயர் மாரீஸ்வரன். லாரியில் போன காலத்தில் கூட்டாளிகளோடு ஒரே போதை ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் எச்.ஐ.வி. வந்து ஒட்டிக்கொண்டது. ஊசியை விட்டேன். அந்த இடத்தில் பிராந்தி வந்து உட்கார்ந்தது. என் பெண்டாட்டி முத்துப்பேச்சிக்கு நோய் இல்லை, அந்த ஒன்றுதான் சாமி எனக்குச் செய்த நல்லது. மாத்திரை கொடுக்கிற மையத்து ஆட்களை விட்டால், விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அன்னமேரி மேடம் அந்த மையத்தில் கவுன்சிலர்.

அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. மிஷின் லேர்னிங்காம். சேருகிறவர்களுக்கு ஒரு சின்ன போன் தருவார்கள். அதில் பேச வேண்டாம், கூடவே வைத்திருந்தால் போதும். அது எங்கே போகிறது, எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து, இந்த ஆள் மறுபடி குடிக்கோ ஊசிக்கோ போகப்போகிறான், மாத்திரையை விடப்போகிறான் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கண்டுபிடிக்குமாம். திரையில் நம் பெயர் பச்சையாகவே இருந்தால் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுப்பார்கள். சிவப்பு ஆனால் வாரா வாரம் மையத்துக்குப் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் வீட்டுக்கே ஆள் வரும். நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து லயத்தில் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அங்கே மையத்து வண்டி வந்து நின்றால் அப்புறம் நாங்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இன்னொரு ஆசையும் இருந்தது. இவன் ஒழுங்கானவன் என்று யாராவது ஒருத்தர் என்னைச் சொல்லிக் கேட்க வேண்டும். அது மிஷினாக இருந்தாலும் சரி.

மையத்துக்குள் நுழைந்ததுமே கத்தினேன். "எந்தக் கிறுக்குப்பய மிஷின் மேடம் அது? நான் தொட்டே எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

மேடம் கதவைச் சாத்திவிட்டு, போன் போன வழியைக் கோடாகக் காட்டும் திரையை என் பக்கம் திருப்பினார். "உக்காருங்கண்ணே. நீங்களே பாருங்க. போன மாசத்துலருந்து இப்படித்தான் இருக்கு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தோட்டத்துக்குள்ளயே கெடக்கீங்க. ஜீப் ஓட்டுற மாதிரியும் இல்ல, நடக்குற மாதிரியும் இல்ல. கொஞ்சம் நகருது, நிக்குது, தரையோட தரையா மறுபடி கொஞ்சம் நகருது. எங்கயாச்சும் குடிச்சிட்டு விழுந்து கெடக்கீங்களோன்னு அதுக்குச் சந்தேகம்."

"போனு என் ஜீப்புலதான மேடம் இருக்கு. இருங்க, எடுத்துட்டு வாறேன்."

அந்தப் போனை நான் பையில் போட்டே பழக்கம். சட்டையில் வைத்தால் மற்ற டிரைவர்கள், "என்னடா ரெண்டு போனு, சின்ன வீட்டுக்கா?" என்று வாயைப் பிடுங்குவார்கள். அதனால் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் கிடக்கும். ராத்திரி சார்ஜ் போடுவதும் காலையில் பை கட்டுவதும் பேச்சிதான். எனக்கு அதைப் பார்க்கவே கூச்சம். பிரித்ததே இல்லை.

ஜீப்பில் உட்கார்ந்து அன்றைக்குப் பிரித்தேன். உள்ளே பாதி கரைந்த சோப்புக்கட்டி இருந்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு திரையில் பார்த்த அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. ஏலக்காய் செடியின் மேலே காய்க்காது, தூரில் தரையோடு காய்க்கும். காய் எடுக்கிற பெண்கள், பேச்சியும் அதில் ஒருத்தி, நாள் முழுக்கக் குத்தவைத்து, ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு அப்படியே நகர்ந்து நகர்ந்து போவார்கள். மிஷினுக்கு ஏலத்தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?

தினமும் செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் ஊதச் சொன்னால் ஊதுவேன். அதில் எனக்கு மானக்கேடு இல்லை, அவன் வேலை அது. இது அப்படியில்லை. என் கையால் தாலி வாங்கியவளே என்னை நம்பவில்லை. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் கூனிக்குறுகிப் போனேன்.

உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பெண்டாட்டியே என்னை நம்பாமல் போனைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று இன்னொரு பொம்பளையிடம் சொல்ல வாய் வரவில்லை. அதைவிட மற்றது லேசாகத் தெரிந்தது.

"குடிச்சேன் மேடம்" என்றேன்.

மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மறைக்காம சொன்னீங்களே, அதுவே பெரிய விஷயம்ணே. நீங்க சொல்றத வெச்சுத்தான் அந்த மிஷினே படிக்குது. இதையும் போட்டுடறேன், மத்தவங்களுக்கும் உதவும்" என்று தட்டினார். வாரா வாரம் வர வேண்டும் என்றார். சரி என்றேன். பொய் சொன்னதற்கு வாழ்க்கையில் முதல்தடவையாக நல்ல பேர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் பேச்சி வேலை முடிந்து வந்தாள். காய் எடுக்கப் போகும்போது சேலைக்கு மேலே என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். மேசை மேல் இருந்த சோப்பைப் பார்த்தாள். பிறகு அந்தச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"கம்பத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு லேட்டா வந்தீகள்ல, அதுக்கு மறுநாள்லருந்து."

"அன்னைக்கு நான் குடிக்கல பேச்சி."

"எனக்கு எப்படித் தெரியும்?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க எங்கயாச்சும் போயி நின்னீகன்னா அந்த மிஷினு காட்டிக் குடுத்துரும். வண்டி போட்டு லயத்துக்கே வந்துருவாக. நான்னா காலையில தோட்டம், சாயங்காலம் வீடு. எங்கூட இருந்தா உங்களுக்கு நல்ல பேரு கெடைக்கும்னு நெனச்சேன்."

சிவப்பு ஆன கதையைச் சொன்னேன். குடித்தேன் என்று ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் வாறேன். குத்தவச்சுக் காயெடுத்தது நான்தான்னு அந்த அம்மாகிட்ட நானே சொல்லுதேன்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். வந்தவள் தயங்கி நின்றாள். ஏதோ கேட்க நினைத்துக் கேட்க முடியாமல் கையைப் பிசைந்தாள். நான் தூங்கும்போது அவள் என் முகத்தருகே குனிந்து மோப்பம் பிடித்ததெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஊதிக் காட்டவா?" என்றேன்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நான் குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஊதினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

ஊதினேன்.