எண்ணெய் காணாத கட்டை

என் தம்பியைக் குறிவைத்துத் தவறவிட்ட துப்பாக்கி ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. தோணிப் பலகை இழைத்துக்கொண்டிருந்த என் புருஷன் பிச்சையா ஆசாரியின் முன்னால் ஏட்டையா அதைக் கிடத்தினார். நாற்பத்திரண்டாம் வருஷம், புரட்டாசி. தந்திக் கம்பியை அறுத்தான் என்று தம்பி வீரபாகுவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பனங்காட்டில் அவன் ஓடும்போது சுட்ட குண்டு ஒரு முழம் விலகிப் பனையில் பாய்ந்ததாம். சாமி காப்பாற்றியது என்று ஊர் சொன்னது.

"சாமியாவது பூதமாவது. குழல் இரும்பு மரக்கட்டையில உக்காராம ஆடுது வே," என்றார் ஏட்டையா. "சனிக்கிழமை உம்ம கண்ணு முன்னாலயே சுட்டுப் பாப்பேன். குண்டு சாஞ்சுதோ, உம்மையும் உள்ள தள்ளிருவேன். திங்கக்கிழமை காட்டைச் சல்லடை போட்டு அரிக்கப் போறோம்."

தேடப்படுகிறவன் இந்த வீட்டு மச்சினன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்தார், பாவி மனுஷன்.

எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சோறு வடித்தேன், கருவாடு சுட்டேன். என் புருஷன் துப்பாக்கியின் தேய்ந்துபோன கட்டையைக் குடைந்து, உள்ளே புதுசாக வாகைத் துண்டு வைத்து ஒட்டினார். பிறகு என்னிடம் மை கேட்டார். இரும்பில் மை தடவிக் கட்டையில் அழுத்தி எடுத்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுப்பு விழுந்தால் இரும்பு அசையாது. தோணிப் பலகை பொருத்துவதும் அப்படித்தான்.

விளக்கெண்ணெய் விளக்கின் மேல் வெண்கலத் தட்டைக் கவிழ்த்து மை பிடித்துக் கொடுத்தேன். வீரபாகு கைக்குழந்தையாக இருந்தபோது அவன் கண்ணுக்கு மை பிடித்ததும் அதே தட்டில்தான். அது நினைவுக்கு வந்தது. வந்தது, போனது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பகலில் புன்னை எண்ணெயை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏளா, நான் குளிச்சிட்டு வாரேன். வெளிய தடவுத மாதிரி உள்ளயும் நல்லா தடவிரு. விட்டுட்டா மழைக்காத்துல கட்டை ஊதி இரும்பை நெட்டித் தள்ளிரும். பொறவு குண்டு ஒரு பக்கமாப் போவும்."

வேலை விஷயத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. வெளிப்பக்கம் முகம் தெரியும் அளவுக்கு எண்ணெய் தேய்த்தேன். உள்பக்கம் வெறும் துணியால் துடைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவர் பள்ளத்துக்குள் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். காய்ந்த விரல். என்னைப் பார்க்காமல் இரும்பை இறக்கித் திருகாணியை முடுக்கினார்.

சனிக்கிழமை உப்பளத்து ஓரம் ஒவ்வொரு சிரட்டையாகக் குத்துக்கல்லின் மேல் வைத்து மூன்று முறை சுட்டார் ஏட்டையா. மூன்றும் தெறித்தன. "ஆசாரி கைன்னா ஆசாரி கைதாம்வே!" என்று என் புருஷன் முதுகில் தட்டினார். நான் எல்லோருக்கும் மோர் கொடுத்தேன்.

வாரிக் குவித்த உப்பு இன்னும் வண்டி ஏறவில்லை. அளத்துச் சனம் மொத்தமும் மழை வந்துவிடக் கூடாது என்று வானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செண்பகம் என்னையும் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வேண்டிக்கோ, மைனி. ஒரு வாரத்துக்கு ஒரு சொட்டு விழப்படாது."

"வேண்டிக்கிடுதேன்," என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் வெயில் சுட்டெரித்தது.

மழைக்காற்று வந்தால், கட்டை ஊதுவதற்கும் முன்னால், அது தெரிவது அடுக்களை உப்பில்தான். கசிந்து கையோடு பிசுபிசுக்கும். திங்கள் விடிகாலை, பூட்ஸ் சத்தம் தெருவைத் தாண்டிப் பனங்காட்டுப் பக்கம் போனது. அவர் பாயில் கண் திறந்தபடி கிடந்தார். நான் உப்புக் கலயத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். விரலை விரித்தேன். உப்பு கலகலவென்று உதிர்ந்தது. உள்ளங்கையில் ஒரு கல்கூட ஒட்டவில்லை.