நான் சரிபார்த்த ஓட்டு

மாலை வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தார். அடிப்படியில் வார்டு, அதற்கு மேல் ஊராட்சி, பிறகு சட்டமன்றம், உச்சியில் நாடாளுமன்றம். "எல்லாப் படிக்கும் உங்க ஓட்டுதான் அஸ்திவாரம்" என்றார். பகலெல்லாம் தொழிற்சாலையில் சட்டைகளைச் சரிபார்த்த களைப்பில் எனக்குக் கண் சொக்கியது. படிக்கட்டு பலகையை விட்டு மெல்ல இறங்கி எங்கள் சந்து முனையில் போய் நின்றது. அக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி அடிப்படியில் நின்றாள். கீழே சாக்கடைத் தண்ணீர் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றதே அந்தத் தண்ணீருக்காகத்தான். மழை பெய்தால் அது எங்கள் அறைக்குள் வந்து பாதிக் கட்டில்கால் வரை நிற்கும். அவளுக்கு ஏணிச் சின்னம். எதிரே டயர் கடைக்காரர், விளக்குச் சின்னம்.

ஓட்டுப் போட்ட அன்று எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தேன். ஏணியின் மேல் முத்திரை குத்தினேன். நேராக விழுந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன். மை காய ஊதினேன். மடித்துப் பெட்டியில் போட்டேன். இப்படித்தான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

எண்ணிக்கையின்போது நான்தான் அக்காவின் முகவர். பள்ளி அறையில் மின்விசிறி சுழல, வாக்குச்சீட்டுகள் தண்ணீருக்குள் அசைவது போல மெல்லப் புரண்டன. அதிகாரி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏணிக்குத்தான் குத்தியிருக்கு. ஆனா ஓரத்துல கையெழுத்து இருக்கு. யார் போட்ட ஓட்டுன்னு காட்டுற அடையாளம் இருந்தா செல்லாது."

"காதல் கடிதம்னு நெனச்சிட்டாங்க போல!" என்று சிரித்தார் டயர் கடைக்காரர்.

அது என் இனிஷியல். தொழிற்சாலையில் ஒவ்வொரு சட்டையையும் பார்த்து, பாஸா ரிஜெக்டா என்று குறித்ததும், அதில் தொங்கும் அட்டையின் ஓரத்தில் அதைப் போட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. பையில் பேனா இருந்திருக்கிறது. கை என்னைக் கேட்கவே இல்லை.

கடைசியில் இருவருக்கும் சமமாக இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு; இனி குலுக்கல்தான். இரண்டு பெயர்களை எழுதி, சுருட்டி, காலிப் பெட்டியில் போட்டுக் குலுக்கினார் அதிகாரி. வந்தது டயர் கடைக்காரர் பெயர்.

அக்காவும் அந்தச் சீட்டைப் பார்த்திருந்தாள்; என் டிபன் பெட்டியின் அடியில் தினமும் அந்த எழுத்தைப் பார்ப்பவள். சந்து முனைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, என்னையும் சட்டைன்னு நெனச்சுட்டியா?"

"தானா போட்டுருச்சுக்கா..."

"பாஸா, ரிஜெக்டா?"

"பாஸ்தான்."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. முதல் தூறல் விழுந்தது.

"புது மெம்பருக்குச் சாக்கடை பத்தி ஒரு மனு எழுது. சந்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கு" என்றாள். "முதல் கையெழுத்து உன்னோடது. அங்க எவ்வளவு பெரிசா வேணும்னாலும் போட்டுக்கோ."